ஆற்றில் விட்ட ஏடுகளும் அழித்து எழுதிய வன்தட்டும்

திருவையாற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடவுப் பாடல்களைத் திரட்டத் தொடங்கியது 2001-ஆம் ஆண்டில். முதுகலை முடித்து ஆய்வுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்த பருவம் அது. பட்டத்திற்கான ஆய்வேடு ஓராண்டில் முடிந்துவிட்டது. தொகுப்பு மட்டும் முடியவில்லை. 2002-லும் 2003-லும் மேட்டூர் அணை உரிய நாளாகிய ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. குறுவை இல்லை. நடவுக்குப் போக வேண்டிய பெண்கள் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். "தண்ணி வந்தாத்தான் தம்பி பாட்டு வரும்" என்று முதலில் மறுத்த ஒரு மூதாட்டி, பிறகு ஆறு மாலைகள் தொடர்ந்து பாடினார். நீரில்லாத ஆண்டில் நமக்குக் கிடைத்த விளைச்சல் அதுவே.

கேசட்டில் பதிந்து வந்து இரவில் கணினியில் தட்டச்சிடுவோம். தட்டச்சு முடிந்ததும் அதே நாடாவில் அடுத்த ஊரின் பாடலைப் பதிவோம். புதிய நாடா வாங்கக் காசில்லை என்பது ஒரு காரணம். கணினியில் ஏறிவிட்டது, இனி நாடா எதற்கு என்ற எண்ணமே பெரிய காரணம்.

2004-இல் விண்டோஸ் 98-ஐ நீக்கி எக்ஸ்பி நிறுவ முடிவு செய்தோம். கடையிலிருந்து வந்த இளைஞர் முறையாகவே கேட்டார்: "சார், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் காப்பி எடுத்தாச்சா? சி டிரைவ ஃபார்மட் பண்ணணும்." எடுத்தாயிற்று என்றோம். 'மை டாக்குமெண்ட்ஸ்' முழுவதையும் குறுந்தட்டில் ஏற்றியிருந்தோம். ஆனால் நாம் தட்டச்சிட்ட தமிழ்ச் செயலி, கோப்புகளைத் தன் சொந்த அடைவிலேயே சேமிக்கும் இயல்புடையது என்பதை நாம் ஒருநாளும் கவனித்ததில்லை. முதலாண்டுப் பாடல்கள் சில குறுந்தட்டில் இருந்தன. மற்றவை அனைத்தும் அந்த அடைவில் இருந்தன. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. புதிய திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் பளிச்சென்று தெரிந்தன.

இதைத் தன்னிரக்கத்திற்காகச் சொல்லவில்லை. அன்று முதல் நம்மை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. பொருள்கள் பழமையால் அழிகின்றன என்றே வகுப்பறையில் சொல்லி வருகிறோம்: கறையான், ஈரம், தீ, வெள்ளம். நம் பாடல்களுக்கு இவற்றுள் எதுவும் நேரவில்லை. அவை நலமாக இருந்தன. மேம்படுத்தும்போது அழிந்தன. இந்தத் தஞ்சைத் தரணியில் தமிழ் நூல்களுக்கு நேர்ந்த இழப்பிலும் ஒரு பெரும்பகுதி இவ்வகையினதோ என்ற ஐயம் அப்போது எழுந்தது.

ஓலைச்சுவடியின் ஆயுள் மிகக் குறைவு. பக்குவம் செய்து, மஞ்சளும் மையும் தடவிப் பேணினாலும், ஆற்றங்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சில தலைமுறைகளுக்குமேல் அது தாங்குவதில்லை. ஆகவே நூலொன்று வாழ்ந்ததென்றால், அதன் ஏடு வாழ்ந்தது என்று பொருளில்லை. விடாமல் படியெடுத்தார்கள் என்றே பொருள். இன்று நம் கையிலுள்ள பழம்பாடல் எதுவும் பாடியவர் காலத்து ஓலையில் வந்ததன்று. படியின் படியின் படி. ஒவ்வொரு முறையும் எழுத்தாணி பிடித்தவர் ஒருவர், பழைய ஏட்டில் உள்ளதெல்லாம் புதிய ஏட்டில் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதுவும் எளிதன்று. ஓலையில் புள்ளியிட மாட்டார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். படிப்பவர் தம் தமிழறிவைக் கொண்டே விடுபட்டதை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

படியெடுத்தபின் பழைய ஏட்டை என்ன செய்வது? ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ.வே. சாமிநாதையர் பதிந்திருக்கிறார். பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டார்கள் என்று கேட்டு அவர் துடித்ததும் 'என் சரித்திர'த்தில் உள்ளது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. நாம் அவ்வாறு கருதவில்லை. எழுத்தைக் குப்பையில் எறியக் கூடாது, தெய்வத்திடம் சேர்க்க வேண்டும் என்ற மரியாதையே அதன் அடிப்படை. படியெடுக்கும் மரபு உயிரோடு இருந்தவரை அந்த வழக்கத்தால் பெருந்தீங்கு விளைந்திராது. புதியது வந்தபின் பழையது போயிற்று, அவ்வளவே. படியெடுப்பவர் மறைந்த பின்னும் ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்ததுதான் தீங்கு.

படியெடுப்பவர் ஏன் மறைந்தார்? அச்சு வந்ததால். அச்சு நம் நூல்களைக் காத்தது என்பது உண்மை. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்து, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிட்டால் நாம் இன்று எதைப் பாடம் நடத்துவோம்? ஆனால் இதே அச்சு, தன்னுள் ஏறாத நூல்களுக்குக் கூற்றாகவும் ஆயிற்று. அச்சு நூல் மலிந்ததும் ஓலையில் எழுதுவார்க்கு வேலையில்லாது போயிற்று. பிள்ளைகள் ஓலை வாசிக்கக் கற்பது நின்றது. அச்சேறாத நூலின் கடைசிப் படி, இனி எவரும் படியெடுக்கப் போவதில்லை என்ற நிலையில் பரணில் தனித்துக் கிடந்தது. அது அழிய இரண்டு தலைமுறை போதும்.

வளையாபதியை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் அந்நூலின் சுவடியைத் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் தாம் பார்த்ததாகச் சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்குப் பழங்காப்பியங்களில் நாட்டம் பிறந்திருக்கவில்லை. பின்னாளில் தேடியபோது சுவடி அகப்படவில்லை. உரைகளிலும் தொகைநூலிலும் மேற்கோளாக வந்த எழுபத்திரண்டு பாடல்களே இன்று எஞ்சியுள்ளன. கும்பகோணத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஊரில், ஆதரவாளர்களும் புலவர்களும் நிறைந்த மடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்த நூல் அது. கடல்கோளில் போனதன்று.

இதற்கு நேரெதிரான நிகழ்வும் இம்மண்ணிலேயே உண்டு. தேவார ஏடுகள் தில்லையில் செல்லரித்துக் கிடக்க, இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டனர் என்பது திருமுறை கண்ட புராணம் கூறும் மரபு. அவ்வாறு தொகுக்கப்பட்டு நூற்றாண்டுகளாகப் படியெடுக்கப்பட்ட ஏடு எதிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று, 1917-இல் திருவாரூர்ப் பகுதியிலுள்ள திருவிடைவாய்க் கோயிலின் கல்லில் கண்டெடுக்கப்பட்டது. ஏட்டு வழியில் விடுபட்டதைக் கல் வைத்திருந்தது. அந்தப் பதிகத்தைக் கல்லில் வெட்டச் செய்தவர், ஏட்டில்தான் இருக்கிறதே, கல் எதற்கு என்று எண்ணவில்லை. நாம் நாடாவை அழித்தபோது எண்ணியது அதுதான்.

இனி கணினிக்கு வருவோம். 1990-களில் தமிழில் தட்டச்சிடத் தொடங்கியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். நாளிதழ்களின் இணையப் பக்கங்களைப் படிக்க அவரவர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் அயல்மொழிக் குறிகளாகச் சிதறித் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி இன்னொரு புறம் பரவியிருந்தது. 1991-இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்த ஒருங்குறி, விண்டோஸ் 2000-க்குப் பின்புதான் நம் மேசைகளை எட்டியது. எக்ஸ்பியிலும், நிறுவல் குறுந்தட்டை உள்ளிட்டு, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைத் தேடிப்பிடித்து இயக்கினால்தான் அது ஒழுங்காகத் தெரியும். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல்.

நம் குறுந்தட்டில் தப்பிய சில கோப்புகள் திஸ்கியில் இருந்தவை. அவற்றை ஒரு சொற்செயலியில் திறந்தபோது விந்தையான ஒன்றைக் கண்டோம்: இகரத்தில் தொடங்கும் சொற்களெல்லாம் தலையிழந்து நின்றன. 'இலை' என்பது 'லை' ஆகியிருந்தது. காரணம் பின்னர் விளங்கியது. திஸ்கியில் இகரத்துக்கு முதலில் அளிக்கப்பட்ட இடம் 173. ஆங்கில வழிக் குறியேற்றங்களில் அந்த எண், சொல் அடியிறுதியில் உடைந்தாலன்றிக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறிக்கு உரியது. ஆகவே சில செயலிகள் நம் இகரத்தைத் தெரியாக்குறியெனக் கொண்டு மறைத்துவிட்டன. பிந்தைய திஸ்கியில் 254-ஆம் இடத்தையும் இகரத்துக்கு வழங்கிச் சரிசெய்தார்கள். ஓலையில் புள்ளி இல்லாதது போன்றதே இதுவும். அங்கே புலவன் நிரப்பினான், இங்கே நாம் நிரப்பினோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓலை எழுதியவனுக்குத் தான் எதை விடுகிறோம் என்று தெரியும்.

இந்த மாற்றத்தை நேர்மையாகக் கடந்தவர்களையும் குறிப்பிட வேண்டும். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டு வந்தது. ஒருங்குறிக்கு மாறியபோது புதிய வடிவங்களைச் சேர்த்ததே தவிர, திஸ்கிப் படிகளை உடனே தூக்கி எறிந்துவிடவில்லை. ஓலைக்கால நல்லாசிரியர் செய்வது போன்ற செயல் இது.

மறுபுறம் தஞ்சை அரண்மனையின் மோடி ஆவணங்கள். 1855-இல் மராட்டிய அரசு முடிவுற்றது. அதன் கணக்குகளும் ஆணைகளும் கட்டுக்கட்டாக எஞ்சின. தாள் இருந்தது, மை இருந்தது, அந்த எழுத்தை வாசிப்பவர் அருகிப் போயினர். கோப்பு இருந்து எழுத்துரு இல்லாத நிலைக்கு இதைவிடச் சிறந்த சான்று நமக்குத் தெரியாது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருப்பதால் நாம் சிறிது அறிகிறோம்.

நம் 2004-ஐக் கிட்டத்தட்ட மறந்திருந்த வேளையில், 2018 அக்டோபர் 2-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய மேம்பாட்டை வெளியிட்டது. சிலருடைய ஆவணங்களும் படங்களும் மேம்பாட்டுக்குப் பின் காணாமற்போயின. நான்கே நாளில் வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். பாதிக்கப்பட்டதாக முறையிட்டோர் விழுக்காட்டளவில் மிகச் சிலர்தாம். ஆனால் காரணத்தைப் படித்தபோது நமக்குச் சிலிர்த்தது. வன்தட்டில் இடம் போதாமல் தம் ஆவண அடைவை வேறு பகுதிக்கு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. முந்தைய மேம்பாடு அவர்களுக்குப் பழைய இடத்தில் வெற்று அடைவுகளை உண்டாக்கியது. அது பயனற்ற இரட்டிப்பு என்று பலர் குறைகூறினர். அதை நீக்கவே புதிய நிரல் எழுதப்பட்டது. பழைய அடைவு வெறுமையானது என்று அந்நிரல் நம்பியது. சிலருடைய பழைய அடைவில் இடம் மாறாத கோப்புகள் இருந்தன. திறந்து பார்க்காமலே ஆற்றில் விட்டுவிட்டது. பிழை திருத்தி மீண்டும் வெளியிட்டது அவ்வாண்டு நவம்பர் 13-இல்.

மூதாட்டியின் ஊருக்கு 2009-இல் மறுபடி போனோம். அவர் காலமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது. மருமகள் அன்போடு காப்பி கொடுத்தார்; பாட்டெல்லாம் அத்தையோடு போச்சு என்றார். அவ்வூர் வயலில் அப்போது இயந்திரம் நட்டுக்கொண்டிருந்தது. அதன் ஓசையை மீறி எவரும் பாட முடியாது. நடவு வேலையின் முதுகொடிவை நினைத்தால் இயந்திரத்தைக் குறை சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை.

இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது, கேசட் தீர்ந்துபோன ஒரு மாலையில் கையால் எழுதிய நாற்பது பக்கக் குறிப்பேடு. அதில் பதினொரு பாடல்கள். அவற்றை ஒருங்குறியில் தட்டச்சிட்டு மூன்றிடங்களில் வைத்திருக்கிறோம்; குறிப்பேட்டையும் வைத்திருக்கிறோம். நான்காம் பாடலில் ஒரு சொல் நீர்பட்டுக் கலைந்துள்ளது. 'மடை' என்றும் படிக்கலாம், 'நடை' என்றும் படிக்கலாம். பொருள் இரண்டிலும் பொருந்துகிறது. மருமகளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவருக்கு நினைவில்லை. இரண்டையும் பாடபேதமாகக் குறித்திருக்கிறோம்.