மழை இல்லை என்ற செய்தி

இலையுதிர் காலத்தில் பிரிட்டனின் வானிலை அறிக்கையில் அடிக்கடி கேட்கிற சேதி இது: வாரம் முழுக்கப் பெரும்பாலும் வறண்ட வானிலை, குளிர் அதிகமில்லை, காலையில் ஆங்காங்கே மூடுபனி. வடக்கு, தெற்கு என்று பகுதி பகுதியாகப் பிரித்தும் சொல்வார்கள். யாரையும் பதறவைக்காத இந்தச் செய்தி பிறந்ததென்னவோ ஒரு பெரும்புயலில்.

1859 அக்டோபர் 26 அதிகாலை. மெல்பர்னிலிருந்து லிவர்பூல் வந்துகொண்டிருந்த ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கரையில் மோதி உடைந்தது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்ததோடு ஊர் திரும்பியவர்கள் அதில் பலர். நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே புயலில் வேறு கப்பல்களும் நூற்றுக்கு மேல் போயின.

லண்டனில் அப்போது வானிலைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச்சென்ற ‘பீகிள்’ கப்பலின் கேப்டன் என்றால் சட்டென்று விளங்கும். 1854-இல் அவருக்குக் கொடுத்த வேலை, கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து காற்று, கடல் விவரங்களைத் திரட்டுவது. நாளைக்கு மழையா என்று சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் புயலைவிடத் தந்தி வேகமாகப் போகும் என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது. கடலோரத்தில் பதினைந்து இடங்களிலிருந்து தினமும் பாரமானி அளவும் காற்றின் திசையும் தந்தியில் வர ஏற்பாடு செய்தார். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை போகத் தொடங்கியது.

எச்சரிக்கை வந்ததும் கொடிமரத்தில் கித்தான் போர்த்திய கறுப்புக் கூம்பு ஒன்று ஏறும். முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து புயல்காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. திசை மாறி மாறி அடிக்குமென்றால் உருளை. நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கூண்டும் இந்தக் குடும்பம்தான்.

தினமும் தந்தி வருகிறது. புயலோ தினமும் வருவதில்லை. மற்ற நாட்களில் அந்த அளவுகளை என்ன செய்வது? 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதல் முன்னறிவிப்பு வெளிவந்தது. நாட்டை வடக்கு, மேற்கு, தெற்கு என்று பிரித்து, அடுத்த இரண்டு நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லி, மூன்று இடத்துக்கும் நல்ல வானிலை என்றது. புயலுக்காகக் கட்டிய ஏற்பாடு மக்களிடம் முதன்முதலில் சொன்னது, பயப்பட ஒன்றுமில்லை என்பதைத்தான்.

பலித்தபோது யாரும் பாராட்டவில்லை, தப்பியபோது எல்லோரும் சிரித்தார்கள். அச்சிட்ட ‘டைம்ஸே’ தவறுகளுக்குத் தான் பொறுப்பல்ல என்று எழுதியது. கூம்பைப் பார்த்துப் படகுகள் கரையிலேயே நின்றதால் மீன்பிடிப் படகு முதலாளிகளுக்கும் ஆத்திரம். கடனும் மனச்சோர்வும் சேர்ந்து அழுத்த, 1865 ஏப்ரலில் ஃபிட்ஸ்ராய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஒரு விசாரணைக் குழு, இந்த முன்னறிவிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்லி மூட்டைகட்டியது. புயல் எச்சரிக்கையும் கூடவே நின்றது. கடலோர மக்கள் சும்மா விடவில்லை. எச்சரிக்கை 1867-இல் திரும்பியது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1879 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் குழுவின் தலைவர் ஃபிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். பின்னாளில் மனித இன மேம்பாடு என்று விபரீதக் கொள்கை பேசியவரும் இவரே. ஆனால் நல்ல வானிலைக்கு என்ன காரணம் என்பதைக் கண்டறிந்ததில் இவருக்குப் பெரிய பங்குண்டு. 1861 டிசம்பர் மாதத்துக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வானிலைக் குறிப்புகளை வாங்கி வரைபடங்களாகப் போட்டுப் பார்த்தார். புயல் மையத்தை நோக்கிக் காற்று சுழன்று வருவதை மற்றவர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். காற்றழுத்தம் கூடிய இடத்திலிருந்து அது எதிர்ச்சுற்றாக வெளியே போவதை இவர் கண்டார். 1863-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். அங்கே காற்று மேலிருந்து மெல்ல இறங்கும், இறங்க இறங்கச் சூடாகும், மேகம் கரையும். அக்டோபரில் அப்படி ஒரு உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துகொண்டால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழை ஒதுங்கிப் போகும். முன்னறிவிப்பை நிறுத்தச் சொன்னவரே அதற்கு வேண்டிய விளக்கத்தையும் கொடுத்தார் என்பதை என்னவென்று சொல்ல!

இரண்டு நாள் கணிப்பு வாரக் கணக்குக்கு நீள, கணினி வர வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ரெடிங் நகரிலுள்ள ஐரோப்பிய முன்னறிவிப்பு மையம் பல நாள் கணிப்பை வழக்கமாகத் தரத் தொடங்கியது 1979 ஆகஸ்ட் 1-இல். இன்று ஒரே கணக்கைத் தொடக்க நிலையில் சிறு சிறு மாற்றங்களோடு பல தடவை போட்டுப் பார்க்கிறார்கள். விடைகள் ஒத்துப்போனால் வாரம் முழுக்க மழையில்லை என்று துணிந்து சொல்கிறார்கள். மழையில்லை என்பது பெரும்பாலும் பலித்துவிடுகிறது. காலை மூடுபனி எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மணிக்கு விலகும் என்பதுதான் இன்னும் கைக்கு அகப்படாமல் ஆட்டம் காட்டுகிறது.