கம்பியின் உயரமும் எட்டுத் திருகாணிகளும்

நம் ஆராதனைக் குழுவில் பேஸ் கிட்டார் கற்கத் தொடங்கும் பிள்ளைகளில் சிலர் மூன்று, நான்கு மாதங்களில் அதை மூலையில் வைத்துவிடுகிறார்கள். "விரல் வலிக்குது அக்கா, எனக்கு இது வராது" என்பார்கள். பெண் பிள்ளை என்றால், "கை சின்னது, பேசாமல் பாட்டுக் குழுவுக்குப் போ" என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

கை வலி என்று ஒருவர் வந்தால், கையை மட்டும் பார்க்கக் கூடாது. அந்தக் கை தினமும் என்ன வேலை செய்கிறது என்றும் கேட்கவேண்டும். எங்கள் நர்ஸிங் தொழிலில் இது பாலபாடம். அப்படிக் கேட்டால், பல நேரங்களில் பழுது விரலில் இல்லை. கம்பி இருக்கவேண்டிய உயரத்துக்கு மேலே நிற்கிறது. அதைச் சரிசெய்யும் திருகாணிகள் அந்தக் கிட்டாரிலேயே இருக்கின்றன. அவை அங்கே எப்படி வந்தன என்று தெரிந்தால் தொடுவதற்குள்ள பயம் போய்விடும்.

கத்தியின் காலம்

பேஸ் கிட்டாருக்கு முன்பு தாழ்ந்த சுரங்களைத் தந்தது, ஆளைவிட உயரமாக நிற்கும் டபுள் பேஸ். அதன் கம்பிகள் ஒரு மரப் பாலத்தின்மேல் ஏறி இறங்கும். கம்பியைத் தாழ்த்தவேண்டுமானால் அந்தப் பாலத்தின் தலையைச் சீவவேண்டும். அது கைதேர்ந்த வாத்தியத் தச்சரின் வேலை. அறுத்த மரம் திரும்ப வளராது. கொஞ்சம் கூடுதலாகச் சீவிவிட்டால் புதுப் பாலம்தான். குளிர்காலத்தில் காற்று காய்ந்து மரம் சுருங்கும், கோடையில் ஈரத்தில் உப்பும். கம்பியின் உயரமும் அதோடு மாறும். அதனால் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு பாலங்கள் வைத்திருந்த கலைஞர்கள் உண்டு. வாசிப்பவர் தன் கைக்கு ஏற்றபடி தானே மாற்றிக்கொள்ள வழி குறைவு. பெரும்பாலும் கைதான் கருவிக்கு வளைந்துகொடுத்தது.

முதல் மாற்றம் கிட்டாரின் கழுத்தில் வந்தது. நான்கு பேஸ் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு பெரிய ஆளின் எடை அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. மரம் மெல்ல முன்பக்கம் வளைய, நடுவில் கம்பி உயர்ந்து நிற்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில் கிப்சன் கம்பெனி இருந்தது. அங்கே வேலை செய்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்து, அதை வெளியிலிருந்து இறுக்கவும் தளர்த்தவும் வழி செய்தார். அதற்கு 1923-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் 'ட்ரஸ் ராட்' என்று சொல்வது அதுதான்.

1930-களில் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க், ஃப்ரெட் வைத்து, கிட்டாரைப் போல் குறுக்கே பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றை 'ஆடியோவாக்ஸ்' என்ற பெயரில் விற்றார். அது அதிகம் பரவவில்லை. காலம் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டியிருந்தது.

ரேடியோ கடைக்காரர்

லியோ ஃபெண்டர் 1909-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது கணக்கியல். மின்சார வேலையைத் தானாகக் கற்று, 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார். இசைக் கலைஞர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்க அவரிடம் கொண்டுவந்தார்கள். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் எது எங்கே கெட்டுப்போகும், அதைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது கைக்குத் தெரியும். அதனால் அவர் செய்த கிட்டாரில் கழுத்தை ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டினார். கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம்.

1950-ல் அவர் வெளியிட்ட முதல் கிட்டார்களில் ட்ரஸ் ராட் இல்லை. மேப்பிள் மரமே தாங்கும் என்று எண்ணினார். சில கழுத்துகள் வளைந்துபோயின. சீக்கிரமே ட்ரஸ் ராட் சேர்க்கப்பட்டது.

1951-ல் பிரிசிஷன் பேஸ் வந்தது. அதிர்கிற கம்பியின் நீளம் 34 அங்குலம். டபுள் பேஸில் அது சுமார் 42 அங்குலம். ஃப்ரெட் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது, பெயரும் அதனால்தான். கிட்டார் வாசிக்கிறவரும் எடுத்து வாசிக்கக்கூடிய பேஸாக இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

நம் கதைக்கு முக்கியமானது அதன் பிரிட்ஜ். கம்பி உட்காரும் துண்டுக்குச் சாடில் என்று பெயர். அதைத் திருகாணியால் ஏற்றலாம், இறக்கலாம். கத்தி செய்த வேலையைத் திருகாணி எடுத்துக்கொண்டது. பெரிய வித்தியாசம் என்னவென்றால், திருகியதைத் திருப்பித் திருகலாம். பாலத்தைச் சீவுவது அறுவைசிகிச்சை மாதிரி. இது சலைன் ட்ரிப்பின் கிளாம்பை உருட்டிச் சொட்டைக் கூட்டிக் குறைப்பது மாதிரி. பார்த்து, மாற்றி, மறுபடியும் பார்க்கலாம்.

முதல் பிரிட்ஜில் ஒரு குறை இருந்தது. நான்கு கம்பிக்கும் இரண்டே சாடில். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பியும் கூடவே நகரும். 1957-ல் கம்பிக்கு ஒரு சாடில் வந்தது. சாடிலுக்கு இரண்டு உயரத் திருகாணி, மொத்தம் எட்டு. இன்று பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் நாம் காண்பது இந்த அமைப்புதான்.

எது சரியான உயரம்?

இதற்கு ஒரே பதில் இல்லை. டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து வந்தவர். அவருடைய 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த கம்பிகள், மிக உயரமாக நின்றன. பெரும்பாலும் ஒரே ஆள்காட்டி விரலால் மீட்டினார். அந்தக் கருவி மற்றவர் கைக்கு எளிதில் வசப்படவில்லை. இதற்கு நேர் எதிராக, ஃபுளோரிடாவில் வளர்ந்த ஜாகோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளையே எடுத்துவிட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி, கம்பியைத் தாழ வைத்து வாசித்தார். இருவரும் பேஸ் வரலாற்றை மாற்றியவர்கள்.

கேரல் கேயையும் நம் தங்கைகள் தெரிந்துகொள்ளவேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் ஒலிப்பதிவுகளுக்குக் கிட்டார் வாசித்துவந்தவர். 1963-ல் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் கலைஞர் வராமற்போக, அந்த இடத்தில் இவர் பேஸை எடுத்தார். பிறகு அந்த ஊரின் முன்னணி பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். கிட்டார்காரரும் எடுத்து வாசிக்கட்டும் என்று லியோ நினைத்தது இப்படித்தான் பலித்தது. பேஸ் பெண் கைக்கு ஆகாது என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.

வீட்டில் செய்வது

வரிசை முக்கியம். முதலில் கிட்டாரைச் சுருதி சேர்க்கவேண்டும். தளர்ந்த கம்பியில் அளந்தால் அளவு பொய். அடுத்தது கழுத்து. முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்திப் பிடியுங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு அளவு, இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமென்றால் ட்ரஸ் ராட்டை வலப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து அளக்கவேண்டும். நட்டு அசைய மறுத்தால் பலம் காட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கழுத்து சரியான பிறகுதான் எட்டுத் திருகாணிகள். 17-வது ஃப்ரெட்டின் மேலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை சின்ன ஸ்கேலால் அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு 2.4 முதல் 2.8 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 முதல் 2.4 மில்லிமீட்டர் என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. மூன்று, நான்கு மில்லிமீட்டர் என்று நின்றால் வலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆலன் கீயை இடப்பக்கம் திருப்பினால் சாடில் இறங்கும். சாடில் சாய்ந்துவிடாதபடி இரண்டு திருகாணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பிறகு எல்லா ஃப்ரெட்டிலும் வாசித்துப் பார்த்து, கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் சற்று ஏற்றுங்கள். உயரம் மாறினால் சுருதியும் சற்று மாறும். 12-வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் கம்பியின் திறந்த சுரத்தோடு சேர்கிறதா என்பதைக் கடைசியாகப் பார்க்கவேண்டும்.

உயரத்தைச் சரிசெய்த பிறகும் இரவில் கை மரத்துப்போனால், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் ஊசி குத்துவது போலிருந்தால், அது திருகாணி விஷயமல்ல. வாசிப்பை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். "பழகப் பழகச் சரியாகும்" என்று பொறுத்துக்கொள்ளும் வலி அல்ல அது.

சபையின் பேஸ் பல கைகள் மாறுவது. ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் அதன் கழுத்தும் மாறும். வருடத்தில் இரண்டு முறை, பருவம் மாறும்போது அளந்துவிடுங்கள். கிட்டார் பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். தேதி, நான்கு கம்பிகளின் உயரம், யார் திருகியது என்று எழுதிவைத்தால், அடுத்து எடுக்கிற தம்பியோ தங்கையோ வலியோடு தொடங்கவேண்டியதில்லை.