கட்டை மாறிய துப்பாக்கி

ஆங்கிலத்தில் ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ என்று ஒரு சொல்வழக்கு உண்டு. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சேர்த்து என்று பொருள். நாம் ‘மூட்டை முடிச்சோடு’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. உண்மையில் இந்த மூன்று சொற்களும் பழைய துப்பாக்கியின் மூன்று பாகங்கள். லாக் என்பது பூட்டு அல்ல, நெருப்பு மூட்டிச் சுடவைக்கும் பொறி. பேரல் என்பது குழல். ஸ்டாக் என்பது இவை இரண்டையும் தாங்கிப் பிடிக்கும் மரக்கட்டை. மூன்றும் சேர்ந்தால்தான் முழுத் துப்பாக்கி.

போர் வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் குழலையும் பொறியையும் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு தூரம் சுடும், எத்தனை வேகமாகச் சுடும் என்பதெல்லாம் அவற்றைப் பொறுத்தவை அல்லவா? பாவம், மரக்கட்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வாய்வழியாக மருந்து திணித்துச் சுடும் அந்தக் காலத் துப்பாக்கிகளில் அடிக்கடி உடைந்ததும், அடிக்கடி மாற்றப்பட்டதும் இந்தக் கட்டைதான். அதை மாற்றும் வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய தொழில்புரட்சியே ஒளிந்திருக்கிறது. அந்தக் கதையை அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம்.

ஏன் உடைந்தது?

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பகுதியில், ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறிய கொல்லர்கள் ஒரு புதுவகை ரைபிளை உருவாக்கினார்கள். குழல் மட்டுமே 40 அங்குலத்துக்கு மேல் நீளம். குழலின் நுனிவரை மரம் கூடவே ஓடும். அதாவது ஏறத்தாழ 5 அடி நீளத்துக்கு ஒரே மரத்துண்டு! ஐரோப்பாவில் இதற்கு வால்நட் மரம். இவர்களோ அங்கே கிடைத்த மேப்பிள் மரத்தை அதிகம் பயன்படுத்தினார்கள். புலித்தோல் போல வரிவரியாக ஓடும் மேப்பிளுக்குத் தனி மதிப்பு.

தோளில் அழுந்தும் அகன்ற பகுதிக்கும் பொறி இருக்கும் பகுதிக்கும் நடுவே கட்டை மெலிந்து வளையும். கை பிடிக்கும் அந்த இடத்தை மணிக்கட்டு என்றே சொல்வார்கள். பொறியைப் பதிக்க ஒரு பக்கம் குடைய வேண்டும், விசைக்குக் கீழே குடைய வேண்டும், குழலின் வால்பட்டைக்கு மேலே குடைய வேண்டும். இத்தனை குடைந்தபின் அங்கே மிஞ்சுகிற மரம் கொஞ்சம்தான். குதிரையிலிருந்து விழுந்தாலும் சரி, அடிதடியில் துப்பாக்கியையே தடியாக வீசினாலும் சரி, முதலில் முறிவது மணிக்கட்டுதான்.

முறியாவிட்டாலும் வேறு ஆபத்துகள் உண்டு. கருமருந்து எரிந்த கசடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கும், ஒட்டியிருக்கும் மரமும் கெடும். நெருப்புத் துளைக்குப் பக்கத்தில் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். பொறிக்கு இடும் எண்ணெய் ஊறி ஊறி மரம் மென்மையாகிவிடும்.

குழலின் ஆயுளோ நீண்டது. உள்ளே ஓடும் திருகுப் பள்ளங்கள் தேய்ந்துபோனால் மறுபடி வெட்டி ஆழப்படுத்திவிடலாம். துளை சற்றே பெரிதாகும், பெரிய குண்டு போட வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரே குழல் இரண்டு மூன்று கட்டைகளைப் பார்த்துவிடும்.

முதலில் வைத்தியம், பிறகு மாற்று

மணிக்கட்டு முறிந்தவுடனே யாரும் புதுக்கட்டை தேடி ஓடவில்லை. கொல்லன் பட்டறை பல நாள் பயணத் தூரத்தில் இருக்கும். அமெரிக்கப் பூர்வகுடியினர் இதற்கு அருமையான வழி வைத்திருந்தார்கள். பதப்படுத்தாத தோலை நனைத்து முறிந்த இடத்தைச் சுற்றி இறுக்கித் தைப்பார்கள். காயக் காயத் தோல் சுருங்கி இரும்புப்பட்டை போலப் பிடித்துக்கொள்ளும். இப்படித் தோல் கட்டிய துப்பாக்கிகளை அமெரிக்க அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பலவற்றின் கட்டையில் பித்தளை ஆணிகளால் அலங்காரமும் இருக்கும்.

அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் (1775–1783) நிலைமை வேறு. துப்பாக்கிப் பஞ்சம். உடைந்த பிரிட்டிஷ் துப்பாக்கி, பழைய பிரெஞ்சுத் துப்பாக்கி என்று கிடைத்ததையெல்லாம் பிரித்து, குழலையும் பொறியையும் எடுத்து, உள்ளூர் மரத்தில் செதுக்கிய புதுக்கட்டையில் பொருத்தினார்கள். பிரிட்டிஷ் குழல் அமெரிக்க மரத்தில் ஏறி பிரிட்டிஷ் படையையே சுட்டது!

ஒரு கட்டை எப்படிப் பிறந்தது?

மரத்தை அறுத்துப் பல ஆண்டுகள் காயப்போட வேண்டும். அவசரப்பட்டால் பிறகு சுருங்கி வளையும். அடுத்து, ரேகை பார்க்க வேண்டும். மணிக்கட்டின் வளைவோடு சேர்ந்தே மரத்தின் ரேகையும் ஓட வேண்டும். ரேகை குறுக்கே போனால் அங்கேதான் முறியும். கோடரிக்குக் காம்பு போடத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

முதலில் குழலைப் பதிக்கும் வேலை. குழலில் விளக்குக் கரியைத் தடவி மரத்தில் அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் சீவுவார்கள். மறுபடி கரி, மறுபடி அழுத்தம், மறுபடி உளி. இப்படியே நூறுமுறை. பொறியையும் அதேபோலப் பதிக்க வேண்டும். இதில் மயிரிழை தவறினாலும் பொறியின் சிறு கிண்ணமும் குழலின் நெருப்புத் துளையும் நேர்க்கோட்டில் நிற்காது, மருந்து பற்றாது. மருந்தை இடிக்கும் கோலுக்குக் குழலின் அடியில் நீளத்துளை போடுவதுதான் மிகப் பெரிய சோதனை. துளைக்கருவி சற்றே விலகினாலும் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். அதுவரை செய்த உழைப்பு அத்தனையும் வீண்.

கடைசியில் வெளி உருவம். வாங்குபவரின் கை நீளத்துக்கும் தோளுக்கும் தகுந்தபடி அளவு வைப்பார்கள். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தை மேப்பிளில் பூசிச் சூடுகாட்டினால் வரிகள் பளிச்சென்று எழும். மேலே ஆளிவிதை எண்ணெய். தையற்காரர் அளவெடுத்துத் தைக்கும் சட்டை போல, ஒருவருக்குச் செய்த கட்டை இன்னொருவருக்குச் சரியாக அமையாது. ஒரு துப்பாக்கிக்குச் செய்தது இன்னொரு துப்பாக்கிக்குப் பொருந்தவே பொருந்தாது.

செயிண்ட் லூயிஸ் நகரில் பட்டறை வைத்திருந்த ஹாக்கன் சகோதரர்கள் இந்தப் பலவீனத்தை வேறுவிதமாக எதிர்கொண்டார்கள். மலைக்காட்டு வேட்டைக்காரர்களுக்காக அவர்கள் செய்த ரைபிளில் மரம் குழலின் பாதிவரைதான். மணிக்கட்டின் மேலும் கீழும் நீண்ட இரும்புப்பட்டைகள், இரண்டையும் இணைத்து முடுக்கும் திருகாணிகள். மரம் முறிவதற்கு முன்னால் இரும்பு தாங்கிக்கொள்ளும்.

தச்சரின் சவால்

இப்போது கதையின் திருப்பத்துக்கு வருவோம். மாசசூசெட்ஸைச் சேர்ந்த தாமஸ் பிளான்சார்ட் (1788–1864) துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தைக் கடையும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். அதை ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் நிறுவியபோது, குழல் வேலை செய்தவர்கள் பிழைப்பு போயிற்றே என்று புலம்பினார்களாம். மரக்கட்டை செதுக்கும் தொழிலாளி ஒருவர் மட்டும், என் வேலையை இவரால் ஒன்றும் செய்ய முடியாது, கட்டையைக் கடைய முடியுமா என்று கேலி செய்தாராம். யோசித்துப் பார்க்கிறேன் என்றாராம் பிளான்சார்ட். கொஞ்சம் மெருகு ஏறிய கதையாக இருக்கலாம். விளைவு மட்டும் நிச்சயம்: 1819-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

உருளையான பொருளைக் கடைவது எளிது. துப்பாக்கிக் கட்டையோ கோணல்மாணலானது. பிளான்சார்டின் வழி இதுதான். ஒரு மாதிரிக் கட்டையையும் வெறும் மரத்துண்டையும் ஒன்றாகச் சுழலவிட வேண்டும். ஒரு சிறு சக்கரம் மாதிரியைத் தடவிக்கொண்டே போகும். அது எவ்வளவு உள்ளே போகிறதோ, வெட்டும் சக்கரமும் மரத்தில் அவ்வளவே உள்ளே போகும். குருடர் ஒருவர் முகத்தைத் தடவிப் பார்த்து அதே முகத்தைச் செதுக்குவது போல!

1820-களின் நடுப்பகுதிக்குள் கட்டை வேலைக்கென்றே 14 இயந்திரங்கள் கொண்ட வரிசை ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாகிவிட்டது. கையால் ஒருவர் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு கட்டைகள் செய்துகொண்டிருந்தார். 1850-களில் அங்கே வந்து பார்த்த பிரிட்டிஷ் பொறியாளர் ஜோசப் விட்வர்த், ஒரு கட்டைக்குச் சுமார் 22 நிமிடம்தான் ஆகிறது என்று கணக்கெடுத்தார். பிரிட்டிஷ் அரசு சும்மா இருக்குமா? சிக்கோபியிலிருந்த ஏம்ஸ் நிறுவனத்திடம் அதே வகை இயந்திரங்களை வாங்கி லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் நிறுவியது. 1857 கிளர்ச்சியோடு சேர்த்து நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் என்ஃபீல்டு ரைபிளின் கட்டைகள் பிற்பாடு இந்த இயந்திரங்களில்தான் உருவாயின.

இயந்திரம் வேகத்தோடு நின்றுவிடவில்லை. 1842 மாடல் அமெரிக்கத் துப்பாக்கியில் எல்லாப் பாகங்களும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியவை. கட்டை முறிந்ததா? கிடங்கிலிருந்து இன்னொன்றை எடுத்துத் திருகாணியை முடுக்கினால் போதும். கரியும் வேண்டாம், உளியும் வேண்டாம், ரேகை பார்க்கும் கண்ணும் வேண்டாம். கேலி செய்த தச்சரின் கைத்திறன் அந்தப் பட்டறையில் தேவையற்றதாகிவிட்டது. அதே கடைசல் முறை பிறகு செருப்பு அச்சுக்கும், கோடரிக் காம்புக்கும், சக்கர ஆரத்துக்கும் போனது. இன்று சாவிக்கடையில் நகல் சாவி வெட்டுகிறார்களே, அதுவும் இந்தத் தத்துவம்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது வாய்வழித் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் மிஞ்சின. எர்ஸ்கின் ஆலின் என்பவர் குழலின் பின்பக்கத்தை வெட்டி, பின்வழியே தோட்டா போடும்படி மாற்றினார். இம்முறை மரம் அப்படியே இருக்க, இரும்பு மாறியது!

எது அசல்?

ஆக, கட்டை மாறிய துப்பாக்கி அசல்தானா? கட்டை மாறிவிட்டது, பொறி சக்கிமுக்கியிலிருந்து கேப்புக்கு மாறிவிட்டது, குழலின் துளையும் பெரிதாகிவிட்டது. மூன்றும் மூன்று வயது. சேகரிப்பாளர்கள் இதற்கு விலையைக் குறைத்து மதிப்பிடுவார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, யாரும் தொடாமல் இருப்பதற்குத்தான் அதிக விலை.

வரலாறு படிக்கும் மாணவனாக எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. தொடப்படாத துப்பாக்கி ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லும், அது செய்யப்பட்ட நாளை. கட்டை மாறிய துப்பாக்கியோ எங்கே உடைந்தது, எந்த ஊர் மரம் கிடைத்தது, யாருடைய கைக்கு ஏற்ப அளவு மாறியது என்று ஒரு வாழ்க்கையையே சொல்லும். ஆனால் இன்று ஒரு பழைய துப்பாக்கி கையில் கிடைத்தவுடன், அழகுக்காக முறிந்த கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளப்பான புதியதைப் பொருத்தினால், அந்தச் சாட்சியம் அடுப்புக்குப் போகிறது. அன்று மாற்றியவர் துப்பாக்கிக்கு உயிர் கொடுக்க மாற்றினார். இன்று அதற்குச் சுடும் வேலை இல்லை, சாட்சி சொல்லும் வேலைதான் மிச்சம். ஆகவே மாற்றுவதாக இருந்தாலும், பழைய மரத்தைக் குறிப்பெழுதிப் பத்திரப்படுத்துவதே நியாயம்.

தோல் சுற்றிய அந்த மணிக்கட்டில் இருப்பது ஒரு மனிதனின் அவசரம். அதை இன்னொரு முறை எந்த இயந்திரத்தாலும் கடைந்துவிட முடியாது.