ஆசிரியரைக் கேட்டதுண்டா?

தறி பழுதானால் தறியாளரைக் கேட்கிறோம். நிலம் விளையாவிடில் உழவரைக் கேட்கிறோம். கல்வித் திட்டம் தீட்டும்போது ஆசிரியரைக் கேட்டதுண்டா?

1953-இல் சென்னை மாநில முதலமைச்சர் ஆச்சாரியார் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதுத் திட்டம் கொணர்ந்தார். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரமே படிப்பு. எஞ்சிய பொழுதில் தந்தையின் தொழில். காலையில் ஓர் அணி, பிற்பகலில் மற்றோர் அணி. இரண்டுக்கும் அதே ஆசிரியர்! குலக்கல்வி எனக் கண்டித்து நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

மேலவையில் ஆசிரியருக்கு இடம் இருந்ததே என்பர். இருந்தது. அரசியல் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களை ஆசிரியர் தொகுதிகளுக்கு வழங்கிற்று. ஆனால், வாக்குரிமை இடைநிலைப் பள்ளியும் அதற்கு மேற்பட்டவையுமான கல்வி நிலையங்களில் பணிபுரிவோர்க்கே! எந்தப் பள்ளியைத் திட்டம் இரண்டாகப் பிளந்ததோ, அந்தப் பள்ளியின் ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை. அகரம் கற்பித்தவர் அவைக்கு வெளியே நின்றார். 1986-இல் மேலவையே நீக்கப்பட்டது. இருந்த அரைக் குரலும் அடங்கிற்று.

தோழர்களே! திருப்பூர் வட்டாரத்தில் எந்தப் பிள்ளை படிப்பை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனான் என்பதை முதலில் அறிபவர் யார்? வருகைப் பதிவேட்டை ஏந்தியிருப்பவரன்றோ! ஆணை பிறந்தபின் அழைத்துப் பயிற்சி தருவது கலந்தாய்வு ஆகாது. ஆணை பிறக்குமுன், தொடக்கப் பள்ளி ஆசிரியரின் சொல் அவையேற வேண்டும்.