500 டிகிரி சூடு இல்லாமல் அம்மோனியா: என்சைமும் எலக்ட்ரோடும் கைகோர்ப்பது எப்படி?

யூரியா உரத்துக்கு மூலப்பொருள் அம்மோனியா. அதைத் தயாரிக்க உலகம் இன்றும் நம்பியிருப்பது, 1913-ல் ஜெர்மனியில் ஆலைக்கு வந்த ஹேபர் - போஷ் முறையைத்தான்.

இதில் என்ன சிக்கல்?

காற்றில் உள்ள நைட்ரஜன் லேசில் எதனுடனும் சேராது. அதை ஹைட்ரஜனுடன் சேர்க்க 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும், சாதாரண காற்றழுத்தத்தைவிட 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவை. அந்த ஹைட்ரஜனும் பெரும்பாலும் இயற்கை எரிவாயு, நிலக்கரியில் இருந்தே வருகிறது. இதனால், உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 1 முதல் 2 சதவீதம் அம்மோனியா உற்பத்தியின் பங்கு.

செடியின் வேரில் இருக்கும் விடை

நிலக்கடலை, உளுந்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இதே வேலையைச் சாதாரண வெப்பநிலையிலேயே செய்து முடிக்கின்றன. காரணம், நைட்ரோஜினேஸ் என்ற என்சைம். இந்த என்சைம் வேலை செய்ய எலக்ட்ரான்கள் வேண்டும்.

சுகர் டெஸ்ட் ஸ்டிரிப் தெரியுமா?

வீட்டில் சுகர் பார்க்கும் ஸ்டிரிப்பிலும் என்சைம் இருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸிடம் இருந்து எலக்ட்ரான்களை எடுத்து எலக்ட்ரோடுக்கு அனுப்பும். அந்த கரண்டை அளந்துதான் மீட்டர் அளவைக் காட்டுகிறது. இதையே திருப்பிப் போட்டால்? எலக்ட்ரோடில் இருந்து என்சைமுக்கு எலக்ட்ரான் கொடுத்து, தேவையான வேதிப்பொருளைத் தயாரிக்கலாம்.

2017-ல் என்ன நடந்தது?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஷெல்லி மின்டீர் குழு இதைச் செய்து காட்டியது. ஒரு பக்கம் ஹைட்ரோஜினேஸ் என்ற என்சைம் ஹைட்ரஜனில் இருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தது. மெத்தில் வயலோஜன் என்ற பொருள் அவற்றைச் சுமந்து செல்ல, மறுபக்கம் நைட்ரோஜினேஸ் அம்மோனியாவை உருவாக்கியது. கூடவே கொஞ்சம் கரண்டும் கிடைத்தது. எல்லாம் அறை வெப்பநிலையில்!

அப்போ ஏன் இன்னும் ஆலைக்கு வரவில்லை?

- ஆக்சிஜன் பட்டால் நைட்ரோஜினேஸ் கெட்டுவிடும்.
- ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற, செல்லின் எரிபொருளான ஏடிபி குறைந்தது 16 மூலக்கூறுகள் செலவாகும். ஏடிபி விலை அதிகம்.
- கிடைத்த அம்மோனியாவும் மிகச் சிறிய அளவுதான்.
- ஹைட்ரஜனை சோலார் மின்சாரம் கொண்டு தண்ணீரில் இருந்து பிரித்தால்தான் இது முழுக்க சுத்தமான முறையாகும்.

சூடும் அழுத்தமும் இல்லாமல் அம்மோனியா தயாரிக்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது. என்சைமை நீண்ட நாள் உழைக்க வைப்பதும், ஏடிபி செலவைக் குறைப்பதும்தான் அடுத்த சவால்.