மாவுப் பானையில் தொடங்காத பாடம்

ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டு அடுப்படி மூலையில்தான் மாவுப் பானை இருக்கும். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பி, உளுந்தும் அரிசியும் ஆட்டி, உப்புப் போட்டுக் கையாலேயே கரைப்பாள் அம்மா. மார்கழியில் பானையைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் தள்ளிவைப்பாள். ஆடியில் பானைக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. எந்த வெக்கைக்கு எத்தனை மணிநேரம் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்த்தான் நுண்ணுயிரிகள் பாடம் படித்தேன். லூவன்ஹாக், பாஸ்டர், கோக், ஃபிளெமிங் என்று நான்கு பெயர்களை மனப்பாடம் செய்தோம். பிறகொரு நாள் சுகாதாரம் பற்றிப் பேச வந்த ஒருவர், "வீட்டுல கிருமி அண்டாமப் பாத்துக்கிறது அம்மாமார் பொறுப்பு" என்றார். அறிவின் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. பொறுப்பின் பட்டியலில் பெண்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இது எப்படி வந்தது என்று தேடியபோதுதான் இந்த வரலாறு கிடைத்தது.

1683இல் லூவன்ஹாக் பல்லிடுக்கு அழுக்கை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். தன் வாயிலிருந்து எடுத்ததோடு இரண்டு பெண்களின் வாயிலிருந்து எடுத்ததையும் அவர் சோதித்திருந்தார். அந்தப் பெண்களின் பெயர்கள் கடிதத்தில் இல்லை.

ஃபேனி ஹெஸ்ஸின் கதை இன்னும் கூர்மையானது. 1850இல் நியூயார்க்கில் பிறந்தவர், ஜெர்மன் மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸை மணந்தார். 1881இல் வால்தர் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். நுண்ணுயிரிகளைப் பிரித்து வளர்க்க அங்கே ஜெலட்டின் கூழைப் பயன்படுத்தினார்கள். உடல் வெப்பமான 37 டிகிரியில் அது உருகிவிடும். சில நுண்ணுயிரிகள் அதைக் கரைத்தும்விடும். வெயில் காலத்தில் சோதனையெல்லாம் தண்ணீராகிப் போனது. 'நீ செய்கிற பதார்த்தம் மட்டும் எப்படி இந்த வெயிலிலும் உருகாமல் நிற்கிறது?' என்று வால்தர் மனைவியிடம் கேட்டார். அதில் போட்டது அகர்-அகர் என்றார் ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சு அண்டைவீட்டார் மூலம் அவர் சிறுவயதில் அறிந்த பொருள் அது.

1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. 1887இல் ஆய்வகத் தட்டை வடிவமைத்த பெட்ரியின் பெயரை இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். தட்டுக்குள் இருக்கும் கூழை அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு 1934இல் இறக்கும்வரை அந்தப் புகழ் கிடைக்கவில்லை.

அகர் நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. ரம்ஜான் மாதத்தில் நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் செய்யும் கடல்பாசி அதுதான். அதற்கான மரிக்கொழுந்துப் பாசியை மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறித்து வருவது ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பறிப்பவர்கள். அந்தத் தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவானபின், தங்கள் தொழிலுக்கே அனுமதி கேட்டுப் போராட வேண்டியவர்களானார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் அறிவியலுக்குப் பின்னால் இந்தக் கைகளும் இருக்கின்றன.

இனி பொறுப்புக்கு வருவோம். 'தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்' என்று சொல்வது சரியான அறிவுரைதான். விறகையும் தண்ணீரையும் சுமப்பது யார் என்று அந்த அறிவுரை கேட்பதில்லை. வங்கதேசத்தின் மத்லப் கிராமங்களில் ரீட்டா கோல்வெல்லின் குழு இதை வேறுவிதமாக அணுகியது. காலராக் கிருமி தண்ணீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடத்து வாயில் கட்டி வடித்தால் அவை துணியிலேயே தங்கிவிடும். அப்படி வடித்த கிராமங்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியிட்டார்கள். நம் பாட்டிமார் வேடு கட்டியதும் இதைப் போன்ற செயல்தான். ஆனால் சேலை எல்லாக் கிருமியையும் தடுக்காது. பாதுகாப்பான குழாய்த் தண்ணீர் தர வேண்டிய அரசின் கடமையை ஒரு தாயின் சேலைத் தலைப்பில் முடிந்துவிடவும் கூடாது.

ஆகவே பாடத்தை மாவுப் பானையில் தொடங்கலாம். உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் லியூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் இரவெல்லாம் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. ஒரே மாவை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை அடுப்போரமும் மற்றதைக் குளிர்ந்த இடத்திலும் வைத்து, மட்டத்தில் கோடு போட்டு மறுநாள் பார்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். பையன்களும் மாவு கரைக்கட்டும்.

கோக் பெயருக்குப் பக்கத்தில் ஃபேனி ஹெஸ் பெயரும் கரும்பலகையில் வரட்டும். கிருமி எல்லாம் எதிரி என்றும், அதை விரட்டாத தாய் குற்றவாளி என்றும் படித்த தலைமுறை நாங்கள். வெக்கையையும் நேரத்தையும் கணக்கிட்டு ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்தையே தினமும் வளர்த்துக்கொண்டிருந்தாள் என் அம்மா. அதற்கு அறிவியல் என்று பெயர் உண்டு என அவளிடம் யாரும் சொல்லவில்லை. அறிவியல் படித்த நானும் சொல்லாமல்தான் இருந்தேன்.