பார்த்தீனியமும் ஒரு வண்டும்

பார்த்தீனியம் என்ற களை இலங்கையில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1999இல், வன்னிப் பெருநிலப்பரப்பின் வவுனியாவில்தான். 1987இல் வந்த இந்திய அமைதிப் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதையும் வந்தது என்பது பரவலான கருத்து. படை 1990இல் திரும்பியது. களை இங்கேயே தங்கிவிட்டது. தோல் ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் அதனால் வரும். அதன் இரசாயனங்கள் அருகிலுள்ள பயிர் முளைப்பதையும் தடுக்கும்.

இக்களை 1950களிலேயே இந்தியாவில் பரவத் தொடங்கியிருந்தது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் கே. பி. ஜெயந்த் அதை அதன் எதிரியான பூச்சியைக் கொண்டு கட்டுப்படுத்த முனைந்தார். 1983இல் மெக்சிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சைகோகிரம்மா என்ற இலைதின்னி வண்டு, சோதனைகளின் பின் 1984இல் வயல்வெளியில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் அது பெருகி, பெங்களூர்ப் பகுதியில் களையை மொட்டையடித்தது.

பின்னர் சூரியகாந்தி வயல்களிலும் வண்டு காணப்படவே சர்ச்சை மூண்டது. 'களையை அழிக்க வந்தது பயிரை அழிக்கிறதே' என்று உழவர்கள் அஞ்சினர். ஜெயந்தும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் காட்டியது. சூரியகாந்தி இலைமேல் படிந்த பார்த்தீனிய மகரந்தமே வண்டை அந்த இலையைத் தின்னத் தூண்டியது.

செடிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவு அத்தனை நுட்பமானது. வன்னியில் இத்தகைய வண்டை விட நினைப்போர், முதலில் வன்னிப் பயிர்களோடு வைத்து அதைச் சோதிக்கவேண்டும். அதுவரை, பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதே உழவருக்கு உகந்த வழி.